ஓடைத் தவளைக்கு வெள்ளிக்கிழமை சீயக்காய்

மூட்டு வலிக்காரி மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார், ஆத்துக்காரர் சொன்னார், எதிராத்து மாமியும் சொன்னாள். அதையேதான் நானும் சொன்னேன். இருந்தாலும் பச்சைமலைக்குப் போய்விட்டு வந்து, இப்போது ஸ்ரீரங்கத்தில் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, முழங்காலுக்குத் தைலம் தடவியபடி இதை எழுதுகிறேன். போனது எந்தப் பெருமாளையும் சேவிக்க அல்ல. தவளை பார்க்க.

தவளை என் மருமகளுடையது. ரஞ்சனி திருச்சியில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிறாள். மலைக்காட்டு ஓடைகளின் ஓரத்தில் மட்டும் வாழ்கிற ஒரு சின்னத் தவளைதான் அவளுக்குப் பாடம். குளம் குட்டைப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காதாம். ஓடுகிற தண்ணீர், நனைந்த பாறை, மேலே மர நிழல் எல்லாம் அதற்கு வேண்டும். லத்தீனில் ஒரு பேர் இருக்கிறது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், பல் செட் கழன்றுவிடும் போலிருந்தது, விட்டுவிட்டேன்.

அந்த ஓடையில் இந்தத் தவளை இருப்பதை ரஞ்சனி போன வருஷமே பார்த்துவிட்டாள். ஆனால் அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறதா என்று தெரியவில்லை. அதைக் கண்ணால் பார்த்து நிரூபித்தால்தான் ஆராய்ச்சி மேலே நகரும் என்று அவளுடைய புரொபசர் சொல்லிவிட்டார். போன மழைக்கு முட்டை அகப்படவில்லை. இந்த மழைக்கும் அகப்படாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுச் சிங்கப்பூர் போய்விடுகிறேன் என்று அவளே வாக்குக் கொடுத்திருந்தாள். சிங்கப்பூரில்தான் என் பிள்ளை முகுந்தன் இருக்கிறான். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. சேர்ந்து இருந்த நாட்களைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வழக்கமாக அவளோடு மலைக்குப் போகிற சிநேகிதிக்குப் பிரசவ நேரம். பெண்ணைக் காட்டுக்குத் தனியாக அனுப்புவதா என்று ஆத்துக்காரர் ஆரம்பித்தார். அன்றைக்கே முகுந்தனும் போன் பண்ணினான்.

"அம்மா, நீ கூடப் போயேன். பக்குவமா எடுத்துச் சொன்னா அவ கேப்பா. நான் எத்தனை நாள்தான் தனியா நூடுல்ஸ் தின்னுண்டு கிடக்கறது?"

பெற்ற வயிறு கேட்குமா? சரி என்று சொல்லிவிட்டேன். வெளியே பார்த்தால் மருமகளுக்குத் துணை, உள்ளே பார்த்தால் பிள்ளைக்குத் தூது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவளுக்கு இப்படி ஒரு டூட்டி.

புதன்கிழமை காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினோம். கொள்ளிடம் பாலத்தில் போகும்போது கீழே இரண்டு கரையும் நிறையத் தண்ணீர். ஐப்பசி மாசத்தில் ஊரே காவேரியில் துலா ஸ்நானம் பண்ணிக்கொண்டிருக்க, நான் மட்டும் புளியோதரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஊரை விட்டுப் போகிறேனே என்று அலுப்பாக இருந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் மண்ணச்சநல்லூர் தாண்டியதும் பேச்சுக் கொடுத்தாள்.

"எங்க, துறையூர் ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லீங்க. பச்சைமலைக்குத் தவளை பாக்கப் போறோம்."

"தவளையா?" அவள் என்னையும் ரஞ்சனியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "எங்க வீட்டுக் கெணத்துலயே குமிஞ்சு கெடக்கு. வந்து அள்ளிட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்."

ரஞ்சனி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று.

துறையூரில் மலைப் பஸ்ஸுக்கு மாறினோம். மரவள்ளி மூட்டை, சிமெண்டு மூட்டை, ஒரு கிரைண்டர், நாங்கள். பாதி மலையில் ஒரு கொண்டையூசி வளைவில் பெரிய கிளை ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "எல்லாரும் இறங்கி ஒரு கை புடிங்க" என்றார். ஆண்கள், பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் இறங்கி இழுத்தார்கள். நான் முழங்காலைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். "பெரியம்மா, நீங்க வெயிட்டு குடுக்காம இறங்கி நின்னாலே போதும்" என்று ஒரு குரல் வந்தது. கிளைக்கும் என் வெயிட்டுக்கும் என்ன சம்பந்தம்? மழையில் இறங்கி நின்றேன்.

சின்னப்பொண்ணு வீட்டில் ஒரு அறை எங்களுக்கு. மலைக்காரி, நாற்பது வயது இருக்கும். போன வருஷமும் ரஞ்சனி அங்கேதான் தங்கினாளாம். "வாங்கம்மா, கால் கழுவிட்டு உள்ள வாங்க. பொண்ணு போன வருசத்தவிட எளைச்சுப் போச்சே" என்றாள். அப்போதுதான் நானும் ரஞ்சனியைச் சரியாகப் பார்த்தேன். இளைத்துத்தான் இருந்தாள்.

ஸ்ரீரங்கத்தை விட்டால் நான் வெளியே கை நனைக்கிறவள் இல்லை. அரிசி, பருப்பு, மோர் மிளகாய், நார்த்தங்காய், தண்ணீர் மொள்ளத் தனிச் சொம்பு என்று ஒரு மூட்டை கட்டியிருந்தேன். காபிப் பொடி கூட மறக்காமல் எடுத்து வந்தேன், பில்டரை மறந்துவிட்டேன். மறுநாள் காலை ஆத்துக்காரரின் பழைய வேஷ்டித் துண்டில் டிகாக்‌ஷன் வடிகட்டினோம். காபியில் வேஷ்டி வாசனை அடித்தது.

வியாழக்கிழமை ஓடைக்குப் போனோம். வீட்டிலிருந்து பார்த்தால் பக்கம்தான், என் முழங்காலிலிருந்து பார்த்தால் காசி. ஓடை போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவள் பேசுவது கேட்காது. ரஞ்சனி ஒரு பாறையைக் காட்டி என்னை உட்கார வைத்தாள். காதருகே குனிந்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அம்மா, கையில கொசு க்ரீம் தடவிண்டிருந்தா தண்ணில கை வைக்காதீங்கோ. தவளை தோலாலயும் மூச்சு விடும். அந்த மருந்து அதுக்கு ஆகாது."

க்ரீம் தடவவில்லை என்று கையை விரித்துக் காட்டினேன். குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், பாறைக்கடியில் டார்ச் அடித்தாள், மறுபடி குனிந்தாள். பார்க்கிற எனக்கே இடுப்பு விட்டுப்போயிற்று. ரொம்ப நேரம் கழித்துக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவள் விரல் காட்டிய இடத்தில் எனக்கு வெறும் பாறைதான் தெரிந்தது. பிறகு பாறையில் ஒரு துண்டு கண் சிமிட்டியது. கட்டைவிரல் அளவு, பாசி பிடித்த கல்லின் நிறம், மேலே சாரல் அடிக்க அடிக்க அசையாமல் உட்கார்ந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது. இதற்காகவா என் பிள்ளை நூடுல்ஸ் தின்கிறான் என்றும் இருந்தது.

மத்தியானம் புளியோதரை கெட்டுவிட்டது தெரிந்தது. டப்பாவைத் திறந்ததும் ரஞ்சனி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுப்பு மூட்டித் தளிகை பண்ண எனக்குத் தெம்பு இல்லை. சின்னப்பொண்ணு வேகவைத்த மரவள்ளிக் கிழங்கையும் பச்சை மிளகாய்த் துவையலையும் வைத்துவிட்டு, "நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு பொண்ணு சொல்லிச்சு, சும்மா வெச்சிட்டுப் போறேன்" என்றாள். அவள் அந்தப் பக்கம் போனதும் தட்டு காலி. பெருமாள் மன்னிப்பார், பசி மன்னிக்காது.

வயிறு நிறைந்த தைரியத்தில் தூதை ஆரம்பித்தேன்.

"ஏண்டி ரஞ்சனி, சிங்கப்பூர்லயும் தவளை இருக்குமோன்னோ?"

"இருக்கும்மா. அது வேற தவளை."

"தவளைன்னா தவளைதானே?"

"பிள்ளைன்னா பிள்ளைதானேன்னு உங்களுக்கு வேற யாராவது பிள்ளையைக் குடுத்தா எடுத்துப்பேளா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை, தட்டைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். சாயங்காலம் ரேஷன் கடைப் பக்கம் போனால் டவர் கிடைக்கும் என்றார்கள். போனேன். முகுந்தன் உடனே கூப்பிட்டான். "பேசினியா அம்மா?" என்றான். பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாரம் போனதில்லை. செக்கு நல்லெண்ணெய் ஒரு பாட்டிலில், சீயக்காய்ப் பொடி ஒரு டப்பாவில் கையோடு இருந்தது. ரஞ்சனி இருட்டு பிரிவதற்கு முன்பே ஓடைக்குக் கிளம்பிவிட்டாள். சின்னப்பொண்ணு வெந்நீர் போட்டுத் தருகிறேன் என்றாள். அவள் அண்டாவில் எதை எதை வேகவைத்தாளோ, எனக்கு மனசு ஒப்பவில்லை. ஓடுகிற ஜலம் எப்போதும் சுத்தம், அதில் என்ன விட்டாலும் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டு போய்விடும் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். காவேரியில் எத்தனை பேர் எத்தனை வெள்ளிக்கிழமை தலை முழுகியிருப்போம்!

பாதை வளைகிற இடத்தில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு மடு இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. ரஞ்சனி எங்கேயோ கீழே தேடிக்கொண்டிருந்தாள். எண்ணெயை உச்சந்தலையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தேன். கை கால் எல்லாம் தடவி, முழங்காலுக்கு இன்னும் ஒரு பங்கு விட்டேன். சீயக்காயை ஒரு குழிப் பாறையில் குழைத்து, தேய்த்துத் தேய்த்து முழுகினேன். கொசு க்ரீம் பற்றி அவள் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் அது கம்பெனி மருந்து. இது நானே காயவைத்து மிஷினில் அரைத்தது. தவளைக்கே தேய்த்துவிடலாம், அத்தனை நல்லது என்றுதான் என் புத்திக்குப் பட்டது. மூன்று நாள் அலுப்பும் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், மலைக்கு வந்ததில் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குச் சுகமாக இருந்தது.

தலையைத் துவட்டும்போது ரஞ்சனி கீழேயிருந்து ஓடி வருவது தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணப் பந்தலில் கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஏதோ கத்தினாள், கேட்கவில்லை. பக்கத்தில் வந்ததும்தான் கேட்டது.

"அம்மா, முட்டை! முட்டை கிடைச்சுடுத்து! வாங்கோ, உங்களுக்குத்தான் முதல்ல காட்டணும்னு ஓடி வந்தேன்!"

அப்புறம் என் தலையைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். மடுவிலிருந்து கீழே இறங்குகிற தண்ணீரில் பழுப்பு நுரை திட்டுத் திட்டாகப் போவதைப் பார்த்தாள். சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியாது. திரும்பி ஓடினாள். ஈரப் புடவையோடு நானும் பின்னால் போனேன்.

பாறை இடுக்கில், தண்ணீர் தொட்டும் தொடாமலும் நனைக்கிற இடத்தில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் கடுகு வைத்த வெந்த ஜவ்வரிசி போல ஒரு கொத்து. கொஞ்சம் தள்ளித் தவளை ஒன்று உட்கார்ந்திருந்ததாம், இப்போது காணோம். அந்த இடுக்கில்தான் நுரை வந்து வந்து தேங்கியது. மேலே எண்ணெய் வானவில் மாதிரி மினுங்கியது.

"போட்டோ எடுத்துட்டியோன்னோ?" என்று கத்திக் கேட்டேன்.

"போட்டோ போறாதும்மா. பொரிஞ்சு குஞ்சு வெளில வரதைப் பாக்கணும். அப்பத்தான் இந்தத் தவளையோடதுன்னு சொல்ல முடியும். இல்லைன்னா எந்தத் தவளை முட்டை வேணும்னாலும் இருக்கலாம்."

சட்டென்று நான் போய் என் தனிச் சொம்பை எடுத்து வந்தேன். சேர்கிற கிளை ஓடை ஒன்று பக்கத்தில் இருந்தது, அதில் என் எண்ணெய் படவில்லை. அதிலிருந்து மொண்டு மொண்டு கொடுத்தேன், அவள் முட்டை மேல் மெல்ல ஊற்றினாள். மத்தியானம் வரைக்கும் ஊற்றினோம். சின்னப்பொண்ணும் வந்து ஒரு வாளியோடு நின்றாள். என்ன நடந்தது என்று கேட்டதற்கு ரஞ்சனி, "ஒண்ணுமில்லக்கா, கொஞ்சம் எண்ணெய் பட்டுடுச்சு" என்றாள். யாருடைய எண்ணெய் என்று சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தபோது எல்லாம் வெளுத்திருந்தது. நடுவில் இருந்த கடுகு தெரியவில்லை. ரஞ்சனி குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"போறும்மா. முகுந்தை டிக்கெட் போடச் சொல்லிடுங்கோ."

வந்த காரியம் முடிந்துவிட்டது. வாயால் பேசி முடிக்க வேண்டியதைச் சீயக்காய் பேசி முடித்துவிட்டது. மடுவுக்கு மேலே ஓடை இன்னும் இருக்கிறதே, அங்கே என் எண்ணெய் போயிருக்காதே, அங்கே தேடலாம் என்றேன். வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை, ஏற ஆரம்பித்துவிட்டேன். வேறு வழியில்லாமல் அவளும் பின்னால் வந்தாள்.

அந்தப் பாறைகளில் நான் நடந்தேன் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். புடவை பின்பக்கம் முழுக்கப் பாசி. ஒவ்வொரு இடுக்கிலும் மூஞ்சியை வைத்துப் பார்த்தேன். பாதியில் ரஞ்சனி நின்றுவிட்டாள். ஓடைச் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியக் கேட்டாள்.

"அம்மா, வேணும்னு பண்ணினேளா?"

"என்னடி?"

"முகுந்த் உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பினார்னு எனக்குத் தெரியும். வேணும்னேதான் அங்க குளிச்சேளா?"

"இல்லைடி! ரங்கநாதன் மேல ஆணை, இல்லை!" என்று நானும் கத்தினேன். வேண்டுமென்று பண்ணவில்லை. அது நிஜம். ஆனால் வியாழக்கிழமை அந்தத் தவளையைப் பார்த்தபோது, இது முட்டையே போடாமல் இருக்கட்டும் என்று மனசுக்குள் ஒரு தடவை வேண்டிக்கொண்டேன். அதுவும் நிஜம். அவளிடம் அதையும் கத்திச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் வந்து என் கையைப் பிடித்து, "பாத்து ஏறுங்கோ, வழுக்கும்" என்றாள். மேலே ஒரு தவளைதான் கண்ணில் பட்டது. முட்டை இல்லை. மழை வலுத்தது, இறங்கிவிட்டோம்.

மத்தியானப் பஸ்ஸில் கீழே வந்து துறையூரில் மாறினோம். கூட்டம். ரஞ்சனிக்கு ஜன்னல் சீட், எனக்கு நடுவில், என் தோளில் யாரோ ஒருவரின் வாழைத்தார். ரஞ்சனி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள், தூங்கவில்லை. மண்ணச்சநல்லூர் தாண்டியபோது என் போன் அடித்தது. முகுந்தன்.

"என்னம்மா, ரெண்டு நாளா லைனே கிடைக்கலை. பேசினியா?"

"பேசினேன்."

"என்ன சொன்னா?"

"டிக்கெட் போடச் சொல்லிட்டா."

"நிஜமாவாம்மா!" அவன் குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிட்டது. "நீ சொன்னா கேப்பான்னு எனக்குத் தெரியும். இன்னிக்கே போட்டுடறேன்."

"போடாதே."

"என்னது?"

"போடாதேங்கறேன். முட்டை கிடைச்சுதுடா முகுந்தா. அவ தேடினது கிடைச்சுது. நான் தலை முழுகி அதைக் கொன்னுட்டேன். என் தப்புக்கு அவ ஏன் மூட்டை கட்டணும்? இன்னும் ஒரு மழை பாக்கட்டும். நானும் கூடப் போவேன், எண்ணெய் பாட்டில் இல்லாம."

வாழைத்தார்க்காரர் திரும்பிப் பார்த்தார். ரஞ்சனி கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, நீ யார் பக்கம்?" என்றான் முகுந்தன். அவன் அழுகிறானோ என்று எனக்குத் தோன்றியது. என் பிள்ளை அழுதால் எனக்குத் தாங்காது. போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அப்படி என்னதாம்மா இருக்கு அந்தத் தவளைகிட்ட?"

கோபமாகத்தான் கேட்டான். ஆனால் இந்த ஒன்றரை வருஷத்தில் எங்கள் ஆத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"எனக்கென்னடா தெரியும், அவளைக் கேளு" என்று போனை ரஞ்சனியிடம் நீட்டினேன்.

அவள் தயங்கித்தான் வாங்கினாள். காதில் வைத்து, வெளியே பார்த்துக்கொண்டு, "அது ரொம்பச் சின்னது, முகுந்த்" என்று ஆரம்பித்தாள். கொள்ளிடம் பாலம் முழுக்கப் பேசினாள். நடுவில் ஒரு தடவை, "இல்லை, நிஜமாவே பாறை மாதிரிதான் இருக்கும், அம்மாவுக்கே முதல்ல தெரியலை" என்று சிரித்தாள்.

"திருவானைக்காவல் இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். நாங்கள் இறங்க வேண்டிய இடம். ரஞ்சனிக்கு அது காதில் விழவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டு, சத்திரத்துக்கு இன்னும் ரெண்டு டிக்கெட் கொடுங்க என்றேன்.